சென்னையிலிருந்து நெல்லைக்குக் குடிபெயர்வோர் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூருவிலோ பத்து, பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, வாடகையும் பள்ளிக் கட்டணமும் சம்பளத்தைத் தின்றுவிடுகின்றன என்று உணர்ந்து, திருநெல்வேலிக்கே குடிபெயர்ந்துவிடலாம் என்று எண்ணுகிற குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 2022 சித்திரையில் நாங்களும் அப்படித்தான் வந்தோம். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுத்த வாடகையில் ஏறக்குறைய பாதிக்கு இங்கே அதைவிடப் பெரிய வீடு கிடைத்தது. ஆயினும் பகுதியைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்த பிழைக்கு அடுத்த ஆண்டு மார்கழியில் விலை கொடுக்க நேர்ந்தது. வாடகையையும் பள்ளியையும் பேருந்தையும் பார்க்கத் தெரிந்த எனக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியவில்லை. இந்த ஊரில் குடியிருக்கும் பகுதியை முடிவு செய்ய வேண்டியது முதலில் தண்ணீரே என்பதுதான் என் உறுதியான கருத்து. வெள்ளமாக வரும் தண்ணீர், குழாயில் வரும் தண்ணீர் ஆகிய இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

வெளியிலிருந்து வருபவர்கள் திருநெல்வேலியை ஒரே ஊராக நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர், பேட்டை என்று தனித்தனி ஊர்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சியானதே 1994இல்தான். நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுனும், ரயில் நிலையத்தைச் சுற்றிய ஜங்ஷனும் உள்ளன. கிழக்கே பாளையங்கோட்டை. இரண்டையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் கட்டப்பட்டது. உங்கள் அன்றாட வாழ்க்கை அந்தப் பாலத்தின் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுமா, அல்லது நாள்தோறும் அதைக் கடக்க வேண்டியிருக்குமா என்பது வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வாரத்தில் எங்கெங்கே, எத்தனை முறை போக வேண்டும் என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பள்ளி, வேலை செய்யும் இடம், பெற்றோருக்கு மாதந்தோறும் காட்ட வேண்டிய மருத்துவர், சொந்த கிராமம் ஆகிய நான்கையும் எழுதினாலே போதும். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கமா, தென்காசிப் பக்கமா, நாங்குநேரிப் பக்கமா, திருச்செந்தூர்ப் பக்கமா என்பதைப் பொறுத்து நகரத்தின் எந்த ஓரம் உங்களுக்கு வசதி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நீர் போகும் வழியைப் பாருங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

நாங்கள் எடுத்த முதல் வீடு ஜங்ஷனை ஒட்டி, ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தபோது, மாலையில் ஆற்றுக் காற்று வீசியதும் என் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது. ஆறு இவ்வளவு தூரம் வராது என்று வீட்டுக்காரர் சொன்னதை நானும் நம்பினேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை விடவில்லை. திங்கள் விடியுமுன் எழுந்து கால் வைத்தபோது தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டிலின் மேல் நாற்காலியை வைத்து, அதன் மேல் அரிசி டப்பாவையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் ஏற்றுவதற்குள் அது முழங்காலுக்கு வந்துவிட்டது. மாடியில் இருந்த குடும்பம் எங்களை ஏற்றிக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால், கீழ்த்தட்டில் வைத்திருந்த என் கல்லூரிச் சான்றிதழ்கள் உறையோடு சேர்ந்து ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பீரோவின் பின்னால் விரற்கடை தடிமனுக்குக் கறுத்த வண்டல் படிந்திருந்தது.

அந்த இரண்டு நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் ஆகிய இடங்களின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகுந்தது. கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் நீர் சூழ்ந்தது. வயதானவர்கள் இதை 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதுதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், சில தெருக்களில் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் முழங்கால் தண்ணீர் நிற்பதுண்டு.

ஆற்றைவிட்டுத் தள்ளிப்போனால் ஆபத்து தீர்ந்தது என்றும் கொள்ள முடியாது. ஆற்றின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கமும், பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளைப் பக்கமும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. அவை நிரப்புவதற்கென்று வெட்டப்பட்ட குளங்கள் வரிசையாக இருக்கின்றன. நயினார்குளம், கண்டியப்பேரி, உடையார்பட்டிக் குளம், வேய்ந்தான்குளம், இலந்தைகுளம் என்று அவற்றின் பட்டியல் நீளும். வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில்தான் புதிய பேருந்து நிலையமே கட்டப்பட்டது. குளம் நிரம்பினால் மிகுநீர் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போக வேண்டும். அந்த மறுகால் ஓடையின் மேல் மனை போட்டு வீடு கட்டியிருந்தால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி அந்த வீடுகளுக்குள்தான் வரும். ஆகையால் ஒரு பகுதியைப் பார்க்கும்போது, அருகில் எந்தக் குளம் இருக்கிறது, அதன் மறுகால் எந்தத் திசையில் பாய்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஊர்ப்பெயர்களே இதற்குப் பாதி விடை சொல்லும். குளம், பேரி, ஏந்தல், மடை, ஓடை என்று முடியும் பெயர்கள் நீர் நின்ற இடத்தையோ ஓடிய இடத்தையோ குறிக்கின்றன. பேரி என்பது பெரிய ஏரி. துறை என்று முடிந்தால் ஆற்றங்கரை. குறுக்குத்துறை, கருப்பந்துறை, சிந்துபூந்துறை ஆகிய மூன்றும் அப்படி வந்த பெயர்கள்தான். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால், வெள்ளம் வரும்போதெல்லாம் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். மாறாக மேடு, பொத்தை என்று வரும் பெயர்கள் உயர்ந்த நிலத்தைக் காட்டும். நம் பக்கத்தில் சிறு குன்றைப் பொத்தை என்றுதான் சொல்வோம். பாளையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள ஹைகிரவுண்ட், பெயருக்கு ஏற்ற மேட்டு நிலமே. இப்போது சூட்டப்படும் நகர்களின் பெயர்களில் இந்தச் செய்தி இருக்காது. அதனால் புது நகரில் மனையோ வீடோ பார்த்தால், அந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர் என்று விசாரியுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டைப் பார்த்தாலும் அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது தெரிந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது சுவரையும் மின்மீட்டரையும் கவனியுங்கள். ஒரு தெருவில் பல வீடுகளில் மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கும் மேலே மாற்றி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுச் சுண்ணாம்போ ஓடோ இருந்தாலும் அப்படியே. பழைய வீடுகளின் வாசற்படிகளை எண்ணுங்கள். முன்னோர்கள் ஐந்து படி வைத்துக் கட்டிய தெருவில் புது வீடு மட்டும் தெருமட்டத்தில் இருந்தால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இரண்டாவது வீடு தேடி அலைந்தபோது, ஒரு தெருமுனைப் பலசரக்குக் கடையில், "அண்ணாச்சி, போன மார்கழி வெள்ளம் இங்க வந்துச்சா?" என்று கேட்டேன். கடைக்காரர் எழுந்து வெளியே வந்து, எதிர்வீட்டு வாசலைக் காட்டி, "அந்தப் படி மூணும் முங்கிட்டு தம்பி. நாலாவது படில நின்னுட்டு" என்றார். எந்தப் புரோக்கரும் எனக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. கடைக்காரர், பால்காரர், அயர்ன் வண்டிக்காரர் என்று, வீடு வாடகைக்குப் போவதால் எந்த ஆதாயமும் இல்லாத மூவரிடமாவது இதே கேள்வியைக் கேளுங்கள்.

பகுதி பகுதியாக

டவுன் வாழ்க்கைக்கு ஒரு தனிச்சுவை உண்டு. நான்கு ரத வீதிகளையும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களையும் நடந்தே சுற்றிவிடலாம். காய்கறியும் பூவும் பாத்திரமும் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வீடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. தார்சா என்னும் முன்தாழ்வாரம், பட்டாசல் என்னும் கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகும் அமைப்பில் வெளிச்சம் குறைவாகவும் குளிர்ச்சி அதிகமாகவும் இருக்கும். வளவு வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே கிணறு. தனியாக இருக்கும் பெற்றோருக்கு அது பெரிய துணை. ஆனால் கார் வைத்திருப்பவர்களுக்கு டவுன் ஒத்துவராது. ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிகளில் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டும். அதைத் தொல்லையாக நினைப்பவர்களைவிட, தேர் பார்க்க ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கே டவுன் பொருந்தும்.

ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பகுதிகள் பயணத்துக்கும் மருத்துவத்துக்கும் நெருக்கமானவை. மாதத்தில் இருமுறை அலுவலகத்துக்காகச் சென்னை போக வேண்டியவர்களுக்கு ரயில் நிலையம் அருகில் இருப்பது பெரிய வசதி. 2023 செப்டம்பர் 24இல் தொடங்கிய வந்தே பாரத் ரயில் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் சென்னை எழும்பூரை அடைகிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் இரவுப் பயணத்துக்கு இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் பல வண்ணார்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ளன. ஆனால் மேலே சொன்ன வெள்ளக் கேள்வியைத் தெருத்தெருவாகக் கேட்டுத் தீர வேண்டிய இடங்களும் இவைதான். இங்கே எடுப்பதானால் முதல் மாடி வீட்டையே எடுங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்காக வருபவர்கள் பெரும்பாலும் பாளையங்கோட்டையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'தென்னகத்து ஆக்ஸ்போர்டு' என்ற பெயர் சும்மா வந்ததன்று. தூய யோவான் கல்லூரி 1878இலும் சாரா தக்கர் கல்லூரி 1895இலும் தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கியவை. பள்ளிகளும் நெருக்கமாக உள்ளன. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜ நகர், தியாகராஜ நகர், சாந்தி நகர் ஆகியவை அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு கட்டிக் குடியேறிய, ஓரளவு நேரான தெருக்களைக் கொண்ட பகுதிகள். பெருமாள்புரத்திலிருந்து புதிய பேருந்து நிலையம் அருகில்தான். வாடகை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே கேட்பார்கள். நிலம் பொதுவாக மேடு என்றாலும், குளத்தை ஒட்டிய கடைசித் தெருக்களுக்கு அதே எச்சரிக்கை பொருந்தும். காலை எட்டரை மணிக்கும் மாலை நாலரை மணிக்கும் பள்ளி வண்டிகளால் முருகன்குறிச்சியும் ஹைகிரவுண்ட் சாலையும் திணறுவதை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அம்பாசமுத்திரம் போகும் அம்பைச் சாலைப் பக்கம் போகிறவர்கள் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேடிசி நகர், வி.எம்.சத்திரம், ரெட்டியார்பட்டி ஆகியவை நகரம் வளர்ந்துகொண்டிருக்கும் ஓரங்கள். புது வீடுகள், அகலமான மனைகள், குறைந்த வாடகை, நான்குவழிச் சாலை அருகில் என்று பல நன்மைகள் உண்டு. கேடிசி நகர்ப் பக்கத்திலிருந்து வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போவதும் எளிது. இங்கே கேட்க வேண்டியது, வீடு மாநகராட்சி எல்லைக்குள் வருகிறதா அல்லது ஊராட்சியில் இருக்கிறதா என்பது. குடிநீர், குப்பை வண்டி, தெருவிளக்கு, வீட்டுவரி எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். முன்னீர்பள்ளம் பக்கம் பார்ப்பவர்கள், அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் இருப்பதால், லாரிகள் எந்தச் சாலையில் போகின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் பீடித் தொழிலும் நெசவும் வியாபாரமும் நிறைந்த, இரவு வெகுநேரம் வரை உயிரோட்டமாக இருக்கும் ஊர். தெருக்கள் நெருக்கமானவை. தச்சநல்லூர், பேட்டைப் பக்கங்களில் வாடகை குறைவு. பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி உள்ளது. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பேட்டை வசதி. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை என்றால் தச்சநல்லூரோ தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகரோ பொருந்தும். ஆனால் ராமையன்பட்டியில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அது அவ்வப்போது தீப்பிடித்துப் புகைவதுண்டு. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வீட்டில் மூச்சிளைப்பு உள்ளவர்கள் இருந்தால் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

குழாயைத் திறந்து பாருங்கள்

ஆற்றுத் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு வேறு தண்ணீர் இறங்காது என்று இங்கே சொல்வார்கள். தாமிரபரணி ஓடும் ஊரில் குடிநீருக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதும் இயல்பே. ஆனால் மாநகராட்சிக் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீட்டுக்காரரின் வீட்டுக்கு வரும் குழாயில் உங்களுக்கும் பங்கா, தனி இணைப்பா, சம்ப் இருக்கிறதா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.

மற்ற உபயோகத்துக்குப் போர் தண்ணீர்தான். பாறையும் சுண்ணாம்பும் கலந்த நிலங்களில் அது சவராக இருக்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சோப்பைக் கையில் தேய்த்து நுரை வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், கைப்பிடித் துவரம்பருப்பை அதில் வேகவையுங்கள். சவர்த் தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரமானாலும் குழையாது, பாத்திரத்தின் ஓரத்தில் வெண்படலம் நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் கேன் தண்ணீர்ச் செலவு, வாட்டர் ஹீட்டர் பழுது என்று வாடகைக்கு மேல் ஒரு சிறு வாடகை மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் போர் வற்றுமா என்ற கேள்வியைக் காலி செய்துவிட்டுப் போகும் குடித்தனக்காரரிடம் கேட்பதே நல்லது.

மலிவு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஊரோரத்தில் வாடகை 2,500 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியும் வேலையும் ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் வண்ணார்பேட்டைப் பக்கம் என்றால், ஒரு வண்டி நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் ஓடும். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வண்டி என்றால் மாதத்தில் 25 நாளுக்கு 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல், அதாவது இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. மிச்சம் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை, நாளுக்கு ஒரு மணி நேரமும் சாலையில் போய்விடும். ஆனால் வீட்டருகே சாதாரணக் கட்டண டவுன் பஸ் போகுமானால் கணக்கே மாறிவிடும். 2021 முதல் அவற்றில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருந்துத் தடம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பேருந்து வருகிறதா என்று நிறுத்தத்தில் நின்றே பாருங்கள்.

மின்கட்டணத்திலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டுக்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாகக் கூடும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையே உயர்ந்துவிடும். மேலும் கீழுமாக இரண்டு குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் இரு குடும்பங்களும் உயர்ந்த விலையில்தான் கட்ட வேண்டிவரும். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை சற்றுக் கூடினாலும் அதுவே மலிவு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவரை வந்திருக்கிறதா என்பதையும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குத் தாங்கும் இன்வெர்ட்டர் வைக்க இடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டை மூன்று வேளை பாருங்கள்

பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை. பிற்பகலில் மாடி வீட்டின் உள்கூரையைத் தொட முடிந்தால் தொட்டுப் பாருங்கள். மேலே தட்டோடு பதிக்காத, மேற்குப் பார்த்த மாடி வீடு பங்குனி முதல் ஆனி வரை அடுப்பாகத்தான் இருக்கும். இரவில் தெருவிளக்கு, நாய்கள், டாஸ்மாக் கடைக்குப் போகும் வழி ஆகியவை தெரியவரும்.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பலர் வீடு மாற மாட்டார்கள். ஆகவே ஆடியில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையைப் பேசிக் குறைக்க வாய்ப்புண்டு. முன்பணம் கொடுத்து வைத்துக்கொண்டு ஆவணியில் பால் காய்ச்சலாம்.

கேட்கப்படும் ஒரு கேள்வி

வீடு கேட்டுப் போனால், "நீங்க என்ன ஆளுக?" என்று சிலர் நேரடியாகவும் சிலர் சுற்றிவளைத்தும் சாதியை விசாரிப்பார்கள். நகரத்திலிருந்து வருகிற பிள்ளைகளின் காதில் இது விழுவது எனக்குப் பெரிய வேதனை. இது தவறான பழக்கம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு ஒரு வழிகாட்டியை எழுதுவது நேர்மையாகாது. வேலை மாற்றலாகிப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் கலந்து வாழும் காலனிகளிலும் அடுக்ககங்களிலும் இந்தக் கேள்வி குறைவு. பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். இந்தக் கேள்வியோடு தொடங்குகிற வீட்டுக்காரரோடு பின்னால் தண்ணீருக்கும் விருந்தாளிகளுக்கும் பேச்சு வளரும் என்பதே என் அனுபவம். முதலில் போகும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

ஒப்பந்தமும் ஒத்தியும்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்திரத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கமே இங்கு அதிகம். குறைந்தபட்சம் முன்பணத் தொகை, வெள்ளையடிக்கப் பிடிக்கும் தொகை, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

நம் பக்கத்தில் ஒத்திக்கு வீடு எடுப்பதும் உண்டு. ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. மாத வருமானம் நிலையில்லாதவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அது கட்டப்படாமல் போனால், உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமலும் ஒத்திப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம்

வந்த ஆண்டே மனை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. சென்னை விலையோடு ஒப்பிட்டால் இங்கே சென்ட் விலை சின்னதாகத் தெரிவதே காரணம். ஓர் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாங்க நினைக்கும் இடத்தை மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் அல்லது நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அனுமதி, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு, தாய்ப்பத்திரம், பட்டா, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞர் பார்க்கட்டும். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ கோடாகக் காட்டப்பட்டிருந்தால், தரையில் அது எங்கே போயிற்று என்பதை நீங்களே நடந்து தேடுங்கள். மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல் மண் உண்டு. அது மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால் அடித்தளச் செலவு கூடும், சென்ட் விலையில் மிச்சமானது அங்கே போய்விடும்.

நாங்கள் இப்போது இருப்பது பாளையில், சற்று மேடான ஒரு தெருவில், முதல் மாடியில். சென்ற கார்த்திகையில் அடுத்தடுத்து மழை பெய்தபோது, குடையோடு போய் இரண்டு மனைகளைப் பார்த்தேன். ஒன்றில் கல் நட்டிருந்த இடமே தெரியாமல் தண்ணீர் நின்றது. மற்றொன்றில் செம்மண் தரையில் பெய்த மழை அரை மணி நேரத்தில் வடிந்து, செருப்பில் மண் ஒட்டாமல் நடக்க முடிந்தது. இரண்டாவது மனையின் வில்லங்கச் சான்றுக்குத்தான் மனுக் கொடுத்திருக்கிறேன்.